மீனத்துக்குப் பலன் இல்லை

ஜூன் 9, திங்கள்
துலாம்: அலைச்சல்

அக்கா இந்த நோட்டைக் கையில் கொடுத்து, லினக்ஸுக்கு என்று தினமும் எத்தனை மணி நேரம் போகிறது என்று எழுதிவை என்றாள். ஆடிப் பதினெட்டு வரைக்கும் எழுத வேண்டுமாம். அதற்கப்புறம் அவள் முடிவு சொல்வாளாம்.

எங்கள் கம்பெனியில் மொத்தமே இரண்டு பேர். அக்கா பொன்ராணி, நான் மாரீஸ்வரி. விருதுநகரில் அக்கா வீட்டு மாடிதான் ஆபீஸ். எழுதி விற்பது ஒரே ஒரு மென்பொருள், பெயர் 'கிழமை'. தினம் ஒரு தாள் கிழித்துப் போடுகிறோமே, அந்தக் காலண்டருக்குப் பக்கம் கட்டுகிற மென்பொருள். தேதி, நல்ல நேரம், ராகு காலம், அடியில் பன்னிரண்டு ராசிக்கும் ஒற்றை வார்த்தையில் பலன். மேலே எனக்குப் போட்டிருக்கும் அலைச்சலும் அதிலிருந்து எடுத்ததுதான்.

விண்டோஸில் 'கிழமை'யை ஓட்டும் அச்சகங்கள் நானூற்றுச் சொச்சம். மேக்கில் பதினேழு. கம்ப்யூட்டரை ஓட்ட இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸில் ஒன்று. ஒன்றே ஒன்று! சிவகாசி செண்பகம் ஆப்செட். அங்கே மட்டும் தாளின் கடைசி வரி இடம் போதாமல் அடுத்த தாளில் போய் விழுகிறது. கடைசி வரி மீன ராசி. அதனால் அவர்களுக்கு வருஷத்துக்கு எழுநூற்று முப்பது தாள்.

ஆடிப் பதினெட்டன்று சிவகாசியில் அடுத்த வருஷ காலண்டர் மாதிரிகளைத் தொகுத்த ஆல்பத்துக்குப் பூஜை போட்டு வெளியிடுவார்கள். அதற்குள் செண்பகத்தின் பன்னிரண்டு மெஷினிலும் மீனம் ஒழுங்காக நிற்க வேண்டும், இல்லையென்றால் லினக்ஸ் பதிப்பை மூட்டை கட்டிவிடலாம் என்று அக்கா பந்தயம் கட்டியிருக்கிறாள். கட்டட்டும். எனக்கென்ன வந்தது?

லினக்ஸ்: 4 மணி.

ஜூன் 11, புதன்
துலாம்: கோபம்

நேரிலேயே பார்த்துவிடுவோம் என்று சிவகாசிக்கு பஸ் ஏறினேன். ஆறு மாதமாகப் பிழை அறிக்கை அனுப்பியே என் உயிரை வாங்குகிற சீனிராஜ் என்பவர் யாரென்று பார்க்க வேண்டும் என்று ஒரு வெறி. ஒவ்வொரு அறிக்கைக்கும் எண் போட்டு, 'நடப்பது', 'நடக்க வேண்டியது', 'அவசரம்' என்று தலைப்பு வைத்து எழுதுகிற ஆள். ஐம்பது வயசு, கண்ணாடி, பாக்கெட்டில் நாலு பேனா என்று கற்பனை செய்து வைத்திருந்தேன்.

முப்பத்து மூன்று வயசு. கண்ணாடி இல்லை. பேனா ஒன்றுதான்.

அச்சக முதலாளி ரத்தினசாமி அண்ணாச்சி கம்ப்யூட்டர் பக்கமே வருவதில்லை, எல்லாம் சீனிராஜ் பொறுப்பு. பன்னிரண்டு மெஷினையும் வரிசையாகக் காட்டினார். லினக்ஸில் ஒரு வகை இரு வகை இல்லை, ஊரில் உள்ளவன் எல்லாம் ஆளுக்கொன்று செய்து வைத்திருக்கிறான் என்பது தெரிந்ததுதான். ஆனால் இந்த மனுஷர் பன்னிரண்டு மெஷினில் பன்னிரண்டு வகை போட்டு வைத்திருக்கிறார்! ஏன் இப்படி என்று கேட்டேன். "ஒவ்வொண்ணும் ஒரு ருசிங்க மேடம்" என்றார், ஏதோ ஊறுகாய்க் கடை வைத்திருப்பவர் மாதிரி. பன்னிரண்டாவது அவருடைய சொந்த மெஷின். அதில் உள்ள லினக்ஸை ஒவ்வொரு துண்டாகத் தானே கட்டியதாகவும், பதினோரு வருஷமாக அழித்ததே இல்லை என்றும் சொன்னார். முகத்தில் அப்படி ஒரு பெருமை.

எனக்கு வந்த கோபத்தில் வேலையை முடிக்காமல் கிளம்பிவிடலாமா என்றிருந்தது. அப்போது அவர் எழுநூற்று முப்பது தாளில் ஒன்றை எடுத்துக் காட்டி, "நான் மீன ராசிங்க. ஆறு மாசமா எனக்கு மட்டும் பலனே இல்லாமப் போகுது" என்று ரொம்ப வருத்தமாகச் சொன்னார். சிரித்துவிட்டேன். நான் துலாம், நடுவில் பத்திரமாக இருக்கிறேன் என்றேன். எதற்குச் சொன்னேன் என்று தெரியவில்லை.

கிளம்பும்போது சாத்தூர் சேவு அரைக் கிலோ கொடுத்தார். அக்கா முக்கால்வாசியைத் தின்றுவிட்டாள்.

லினக்ஸ்: 8 மணி (பஸ் சேர்த்து).

ஜூன் 12, வியாழன்

லினக்ஸ்: 9 மணி. மற்றபடி துணி துவைத்தேன்.

ஜூன் 18, புதன்
துலாம்: குழப்பம்

மறுபடி சிவகாசி. நாங்கள் 'கிழமை'யை எழுதப் பயன்படுத்துகிற கருவித்தொகுப்பின் முகப்பில், ஒரு தடவை எழுதினால் எல்லாவற்றிலும் ஓடும் என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. போட்டவன் செண்பகம் ஆப்செட்டுக்கு வந்ததில்லை.

ஒன்றாம் மெஷினில் எழுத்துரு அரைப் புள்ளி உயரமாக நிற்கிறது. மூன்றில் திரையை வரைகிற முறையே வேறு, ஜன்னல் திறந்ததும் ஓரமாகப் போய் ஒளிந்துகொள்கிறது. ஐந்தில் நிறுவவே விடமாட்டேன் என்கிறது, அதற்கு வேறு மாதிரி நிறுவல் பொட்டலம் வேண்டுமாம். ஏழில் பிரிண்டர் பட்டனை அழுத்தினால் சேமிக்கிறது. விண்டோஸ்காரர்களுக்கு ஒரே பொட்டலம் கட்டி நானூறு பேருக்கும் அனுப்புகிறோம். இங்கே ஒரே ஆளுக்குப் பன்னிரண்டு சம்பந்தி வீட்டுக்குச் சீர் வரிசை வைப்பது மாதிரி பன்னிரண்டு தட்டு!

இணையத்தில் ஒரு லினக்ஸ் குழுவில் உதவி கேட்டுப் பார்த்தேன். பத்து நிமிஷத்தில் ஏழு பேர் பதில் போட்டார்கள். ஏழு பேரும் சீனிராஜ் தன் லினக்ஸை மாற்ற வேண்டும் என்றார்கள், ஆனால் எதற்கு மாற்றுவது என்பதில் ஏழு பேருக்கும் சண்டை. எட்டாவதாக ஒருவர் வந்து உங்கள் மூல நிரலை எல்லோருக்கும் கொடுத்துவிட்டால் நாங்களே திருத்திக்கொள்வோமே என்றார். கடைசியில் என் கேள்வியை விட்டுவிட்டு அவர்களுக்குள் அடித்துக்கொள்வதைப் பார்த்து நானும் சீனிராஜும் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

எதற்கு ஒருவரும் லினக்ஸுக்கு மென்பொருள் எழுத மாட்டேன் என்கிறார்கள் என்று இப்போது எனக்கு நன்றாகவே தெரிகிறது. நானும் எழுதக் கூடாது. தொழில்முறையில் பார்த்தால் இன்றைக்கே விட வேண்டும்.

அடுத்த புதன் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

லினக்ஸ்: 8 மணி.

ஜூன் 25, புதன்
துலாம்: செலவு

புதுச் சுடிதார் எடுத்தேன். இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை, பழையது வெளுத்துவிட்டது.

எழுத்துருவை 'கிழமை'க்கு உள்ளேயே வைத்துச் சிவகாசிக்குக் கொண்டுபோனேன். ஐந்து மெஷினில் மீனம் தாளிலேயே நின்றது! அண்ணாச்சி அந்தப் பக்கமாக வந்தவர், எதற்கு இரண்டு பேரும் கத்துகிறீர்கள் என்று விசாரித்தார். மீனம் நிற்கிறது அண்ணாச்சி என்றேன். நிற்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

லினக்ஸ்: 8 மணி.

ஜூலை 3, வியாழன்
துலாம்: சோர்வு

அக்கா நோட்டைப் பார்த்தாள். மணி எண்ணிக்கையை மட்டும்தான் பார்க்க வேண்டும் என்று மற்றதைக் கையால் மறைத்துக்கொண்டேன். இந்த வருஷம் இதுவரை வந்த பிழைகள் ஐம்பது, அதில் நாற்பது வரை ஒரே அச்சகத்திலிருந்து என்று அவள் விரல் விட்டு விளக்கினாள். விண்டோஸ்காரர்கள் கேட்ட தமிழ் மாதத் தலைப்பு நாலு மாதமாகக் கிடப்பில் இருக்கிறதாம். அவள் சொன்னதில் ஒரு வார்த்தை தப்பில்லை. அதுதான் எரிச்சல்.

"இத்தனை பேரு நமக்காகக் காத்துட்டு இருக்காங்க. நீ ஒருத்தனுக்காக உக்காந்துருக்க" என்றாள்.

"ஒருத்தருக்காக இல்லக்கா, ஒரு கொள்கைக்காக."

"கொள்கையப் பாக்கப் போறதுக்கு மல்லிப்பூ எதுக்குடி?"

கதவைத் தட்டுகிற சத்தம் கேட்டு எழுந்து ஓடினேன். கேஸ் சிலிண்டர்காரர் வந்துவிட்டார்.

ஜூலை 4, வெள்ளி

உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன். லினக்ஸ் பதிப்பு போனால் சிவகாசிக்குப் போக எனக்கு ஒரு வேலையும் கிடையாது. பட்டாசு வாங்கத் தீபாவளிக்குப் போகலாம். அவ்வளவுதான்.

சிவகாசி பஸ் நேரங்களை நாலு தடவை எடுத்துப் பார்த்தேன். பொழுது போகாததால் இருக்கும்.

ஜூலை 11, வெள்ளி

ஒன்பது மெஷின்! ஒன்பது, ஒன்பது, ஒன்பது!

லினக்ஸ்: 11 மணி. எழுதவே கூச்சமாக இருக்கிறது.

ஜூலை 17, வியாழன்
துலாம்: வெற்றி

ஆடி பிறந்துவிட்டது. இன்னும் பதினேழு நாள். நேற்றோடு பதினொரு மெஷின் சரி. பாக்கி அவருடைய சொந்த மெஷின் மட்டும்தான். அதில் எதைத் தொட்டாலும் வேறொன்று பெயர்கிறது. அவர் கட்டிய பதினோரு வருஷத்து லினக்ஸில் எந்தத் துண்டு எங்கிருந்து வந்தது என்று அவருக்கே மறந்துவிட்டது. நேற்று இருவரும் மூன்று மணி நேரம் தோண்டினோம். ஒரு கோப்பில் அவர் கல்லூரி நாளில் தனக்குத் தானே எழுதி வைத்த குறிப்பு கிடைத்தது: 'இதைத் தொடாதே சீனி, ஏன் ஓடுகிறது என்று தெரியவில்லை.' எனக்கு அந்தக் குறிப்பை எழுதிய பையனை ரொம்பப் பிடித்துப் போயிற்று. குறிப்பைத்தான் சொல்கிறேன்.

ஜூலை 23, புதன்
துலாம்: நிம்மதி

இன்றும் பன்னிரண்டாவது மெஷின் மசியவில்லை.

சோதனைக்கு நீளமான பலன் வேண்டும், அப்போதுதான் வரி மடங்கி மீனத்தைத் தள்ளுகிறதா என்று தெரியும். ஜனவரி 1 தாளை எடுத்து, பன்னிரண்டு ராசிக்கும் வாயில் வந்ததை அடித்தேன். சீனிராஜ் டீ சொல்லப் போயிருந்தார். என்ன அடித்தேன் என்பதை இங்கே எழுதப் போவதில்லை, சோதனைத் தாளில் எல்லோரும் கண்டதையும்தான் அடிப்பார்கள். கோப்பை அவர் மெஷினில் போட்டு ஓட்டினேன். மீனம் அடுத்த தாளில் போய் விழுந்தது. ஐந்தே முக்கால் பஸ்ஸைப் பிடிக்க ஓடி வந்துவிட்டேன்.

லினக்ஸ்: 8 மணி.

ஜூலை 24, வியாழன்

சாயங்காலம் செய்தி அனுப்பியிருக்கிறார்: 'பன்னிரண்டும் சரி. மீனம் நிற்கிறது.'

எப்படி? நேற்றிலிருந்து நான் ஒரு வரி மாற்றவில்லை. போன் போட்டுக் கேட்டேன், நேரில் வாருங்கள் காட்டுகிறேன் என்கிறார். மாடியில் இரண்டு சுற்று ஆடினேன். கீழே இருந்து அக்கா, மின்விசிறி கழன்று விழுந்துவிட்டதா என்று கேட்டாள்.

ஜூலை 26, சனி

ஐயோ.

அந்த ஜனவரி 1 கோப்பு! அழிக்காமல் வந்துவிட்டேன். பன்னிரண்டும் சரி என்று அவர் சொல்கிறார் என்றால் ஏதாவதொரு கோப்பைத் திறந்துதானே பார்த்திருப்பார்? பக்கத்தை மட்டும் பார்த்தாரா, பலனைப் படித்தாரா?

அதில் ஒன்றுமே இல்லை. சும்மா நீளத்துக்காக அடித்தது. ஆனாலும் அழித்துவிட வேண்டும். அவர் அளவுகோல் வைத்து ஓரம் அளக்கிற ஆள், எழுத்தைப் படிக்கிற ஆள் இல்லை. படித்திருக்க மாட்டார். படித்திருந்தால் பிழை அறிக்கை வந்திருக்கும்.

தோசைக்கு ஊற வைத்த அரிசியை அரைக்க மறந்து புளித்தே போயிற்று.

ஜூலை 30, புதன்
துலாம்: ஆச்சரியம்

கோப்பை அழிக்க வேண்டும் என்ற ஒரே எண்ணத்தோடு போனேன். உள்ளே நுழைந்ததும் பன்னிரண்டு திரையிலும் ஒரே நீல நிறம். என் வீட்டு மெஷினில் இருக்கிற அதே நீலம். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

எல்லாவற்றையும் துடைத்துவிட்டாராம்! நான் சோதனைக்கு வைத்திருக்கிற சாதாரண லினக்ஸ், எல்லாக் கல்லூரி ஆய்வகத்திலும் இருப்பது, அவர் முன்பு எட்டு நிமிஷம் கேலி செய்தது, அதையே பன்னிரண்டிலும் போட்டிருக்கிறார். அவருடைய சொந்த மெஷினிலும்தான். பதினோரு வருஷம்! லினக்ஸ்காரர் ஒருவரிடம் போய் உன் லினக்ஸை மாற்று என்று சொன்னால் என்ன நடக்கும் என்று அந்த ஏழு பேர் சண்டையிலேயே பார்த்தாயிற்று. இவரிடம் யாரும் சொல்லவே இல்லை.

ஏன் என்று கேட்டேன்.

"ஒருத்தர் பன்னண்டு பேருக்கு எழுத முடியாதுல்லங்க" என்றார். "பன்னண்டும் ஒண்ணாயிட்டா முடியும்."

அதற்கப்புறம் நாங்கள் இருவரும் ஏழாம் மெஷினின் பிரிண்டர் பட்டனைப் பற்றிக் கொஞ்ச நேரம் ரொம்ப மும்முரமாகப் பேசினோம். ஏழாம் மெஷினில் அந்தப் பிரச்சினை போன மாதமே தீர்ந்துவிட்டது.

திரும்பும் பஸ்ஸில், திருத்தங்கல் தாண்டும்போதுதான் கோப்பு ஞாபகம் வந்தது. இறங்கி ஓடலாமா என்று பார்த்தேன். அப்புறம், மெஷினைத் துடைத்தவர் அதையும் சேர்த்துத் துடைத்திருப்பார் என்று மனசைத் தேற்றிக்கொண்டு, அவருக்கே செய்தி அனுப்பிக் கேட்டேன். பதில்: 'எல்லாம் போயிற்று. உங்கள் கோப்பை மட்டும் காப்பி எடுத்து வைத்திருக்கிறேன்.'

மட்டும் என்றால்? மட்டும் என்றால் என்ன அர்த்தம்?

ஆகஸ்ட் 1, வெள்ளி

அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எல்லாவற்றையும் என்றால், நீல நிறம் வரைக்கும். என் நிரல் ஜெயிக்கவில்லை, அவர் விட்டுக்கொடுத்ததால்தான் சரியானது, இதைப் பந்தயத்தில் சேர்க்கலாமா என்று நேர்மையாகவே கேட்டேன். பதினோரு வருஷத்து மெஷினையா என்று அவள் இரண்டு தடவை கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை பூஜைக்குத் தானும் வந்து, ஆல்பத்தில் அச்சான தாளைக் கண்ணால் பார்த்துத்தான் முடிவு சொல்வாளாம்.

லினக்ஸ்: 2 மணி. பதற்றம்: 14 மணி.

ஆகஸ்ட் 3, ஞாயிறு. ஆடி 18

நிதானமாக எழுத வேண்டும்.

காலை பத்து மணிக்குப் பூஜை. அச்சகத்தில் பத்துப் பதினைந்து பேர். சாமி படத்துக்கு முன்னால் புது ஆல்பம், முதல் பிரதி, ஒன்றே ஒன்றுதான் அச்சிட்டிருந்தார்கள். மற்றது நாளைதான் மெஷினேறும். மஞ்சள் குங்குமம் வைத்து, சூடம் காட்டி, அண்ணாச்சி ஆல்பத்தைக் கையில் எடுத்தார். மாதிரித் தாளை வாய்விட்டுப் படிப்பது அவர் வழக்கமாம். ஜனவரி 1, வியாழக்கிழமை என்று ஆரம்பித்தார். மீனம் நிற்கிறதா என்று அக்கா கழுத்தை நீட்டினாள். நின்றது. நான் மூச்சு விட்டேன்.

அண்ணாச்சி பலனுக்கு வந்தார். "மேஷம், வரவு. ரிஷபம், புரோட்டா."

எனக்கு உச்சந்தலை வரை சில்லிட்டது.

"மிதுனம், சால்னா" என்று படித்துவிட்டு அண்ணாச்சி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். பஞ்சாங்கக்காரர் மாறிவிட்டாரா என்று யாரையோ கேட்டார். கடகம், சிம்மம், கன்னி. நான் கதவைப் பார்த்தேன். கதவுக்கு முன்னால் அக்கா. பிறகு துலாம். அதை அவர் நிறுத்தி நிதானமாக, எல்லோர் காதிலும் விழும்படி படித்தார். இனிமேல் மறைத்து என்ன ஆகப்போகிறது, எழுதிவிடுகிறேன்:

'துலாம்: மீனத்தைப் பார்க்காமல் இனி ஒரு வாரமும் ஓடாது போலிருக்கிறது, மீனம் சிரித்தால் வந்த வேலையே மறந்துபோகிறது.'

பிறகு விருச்சிகம், தனுசு, மகரம், கும்பம் என்று என்னென்னவோ. கடைசியில்: 'மீனம்: இன்னும் விளங்கவில்லை.'

அண்ணாச்சி தாளைப் பார்த்தார், சீனிராஜைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஊரில் உள்ள அத்தனை அச்சு மெஷினும் என் நெஞ்சுக்குள் ஓடியது. சோதனைக் கோப்பைப் போய் அச்சடிப்பார்களா என்று சீனிராஜிடம் சண்டை போட வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

"உங்க மெஷின்ல இருக்கறது எங்க மெஷின்ல அப்படியே வரணும்னுதானே பந்தயம்" என்றார் அவர். காதெல்லாம் சிவந்திருந்தது. "அப்படியே வந்துருக்கு. ஒரே ஒரு பிழைதான்."

சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். வழக்கம்போல எண், தலைப்பு, எல்லாம் ஒழுங்காக.

'பிழை எண் 41. இடம்: ஜனவரி 1 தாள், கடைசி வரி. நடப்பது: மீனத்துக்கு இன்னும் விளங்கவில்லை என்று வருகிறது. நடக்க வேண்டியது: விளங்கிப் பத்து நாள் ஆகிறது. அவசரம்: மிக அதிகம்.'

பத்து நாள். விரல் விட்டு எண்ணினேன். ஜூலை 24. அவர் மெஷினைத் துடைத்த நாள்.

நான் அழுதேனா சிரித்தேனா என்று அக்காவைத்தான் கேட்க வேண்டும். அவள் தாளை என் கையிலிருந்து பிடுங்கிப் படித்துவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நல்லவேளையாக இந்தப் பிரதி ஒன்றுதான் என்றும், இதை எடுத்துவிட்டு வேறு தாள் வைத்துவிடலாம் என்றும் நான் ஒருவழியாகச் சொல்லி முடித்தேன்.

"அதெப்படி தாயி" என்றார் அண்ணாச்சி. "சாமிகிட்ட வச்சாச்சு. இனிமே திருத்த முடியாது."

ஆகஸ்ட் 4, திங்கள்
துலாம்: (பார்க்கவில்லை)

அக்கா முடிவு சொல்லிவிட்டாள். எங்கள் இணையப் பக்கத்தில் அவளே எழுதிப் போட்டாள்: 'லினக்ஸ்: ஒரே ஒரு வகைக்கு மட்டும் ஆதரவு உண்டு.' ஒரே ஒரு ஆளுக்கு என்றுதான் முதலில் அடித்தாளாம். மற்ற லினக்ஸ்காரர்கள் சண்டைக்கு வருவார்கள் என்று அழித்துவிட்டாளாம். மாதத் தலைப்பை இந்த வாரமே முடித்துத் தருகிறேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

பிழை 41 சரிசெய்யப்பட்டது. கோப்பில் மீனத்தின் பலனை மாற்றி அனுப்பினேன். பதினைந்து நிமிஷத்தில் 42 வந்துவிட்டது: துலாம் வீட்டில் யாரிடம் வந்து பேச வேண்டும் என்று கையேட்டில் இல்லையாம்.

ஆடிப் பதினெட்டு முடிந்தது, அக்கா இனி நோட்டைக் கேட்க மாட்டாள். ஆனாலும் பழக்க தோஷம்.

லினக்ஸ்: 0 மணி. போன்: எழுத மாட்டேன்.